மதுரை வட்டாரக் குடும்பத் தரவும் பொருளாதார இடரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை ஆய்வேடு எழுதுகிறவர்கள், மகளிர் குழுக் கூட்டமைப்புகளில் கணக்குப் பார்க்கிறவர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. உதாரணங்கள் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்தவை. கற்பனைக் கணக்கு வரும் இடங்களில் அது கற்பனை என்று சொல்லியிருக்கிறோம்.

வறுமையும் இடரும் ஒன்றுதானே? தனியாக எதற்கு அளக்க வேண்டும்?

ஒன்றல்ல. இன்றைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவது வறுமைக் கணக்கு. எதிர்பார்த்ததற்கும் வந்து சேர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் இடர்.

ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு குடும்பங்கள், இரண்டுக்கும் ஆண்டு வருமானம் 1,44,000 ரூபாய். முதல் வீட்டில் மில் சம்பளம், மாதம் 12,000. இரண்டாவது வீட்டில் ஒருபோக நெல். தையிலும் மாசியிலும் தலா 30,000 வருகிறது. மற்ற பத்து மாதமும் கூலியும் பாலுமாக 8,400. மாத வருமானத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்ற அளவு) முதல் வீட்டுக்குப் பூஜ்யம், இரண்டாவது வீட்டுக்குச் சுமார் 8,050. சராசரியால் வகுத்தால் 0.67.

பெரும்பாலான ஆய்வேடுகள் இந்த இடத்தில் நின்று "இரண்டாவது குடும்பம் அதிக இடரில் உள்ளது" என்று எழுதிவிடுகின்றன. அது தப்பு. தையில் அறுவடை வரும் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். அதை நம்பித்தான் ஆவணியில் கடையில் பாக்கி வைக்கிறார்கள். தெரிந்தே வரும் இந்த ஏற்ற இறக்கம் பருவம், இடர் அல்ல. 30,000 வரவேண்டிய தையில் 18,000 வந்தால் அந்த 12,000 குறைவுதான் இடர். ஆகவே தையைத் தையோடு ஒப்பிட வேண்டும், ஆனியோடு அல்ல. ஒரே ஆண்டுத் தரவை வைத்துப் பருவத்தையும் இடரையும் பிரிக்க வழியில்லை. பல ஆண்டுத் தரவு கிடைக்காதபோது, "போன தையில் எவ்வளவு வரும் என்று நினைத்திருந்தீர்கள், எவ்வளவு வந்தது?" என்று இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். நினைவுப் பிழை இருக்கும்தான். ஆனாலும் மாத வருமானத்தின் திட்ட விலக்கத்தை இடர் என்று எழுதுவதைவிட இது மேல்.

தனி இடர், ஊர்ப்பொது இடர் என்று பிரிப்பதன் பயன் என்ன?

யாரிடம் கை நீட்டலாம் என்பது அதைப் பொறுத்தது. கறவை மாடு செத்தது, வீட்டுக்காரருக்கு விபத்து: இவை தனி இடர். பக்கத்து வீட்டில் பணம் இருக்கும், பங்காளி கொடுப்பார், குழுவில் உள்கடன் கிடைக்கும். கண்மாய் நிரம்பவில்லை என்றால் கொடுக்க வேண்டியவருக்கும் அதே கதிதான். 2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62% குறைந்தது. அந்த ஆண்டில் ஊருக்குள் கைமாற்று கேட்டுப் பயனில்லை. மழை மட்டுமே ஊர்ப்பொது இடர் என்று நினைத்துவிடவும் கூடாது. 2012-ல் மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகள் மூடப்பட்டபோது, மழைக்குச் சம்பந்தமே இல்லாமல், லோடுமேனிலிருந்து டீக்கடை வரை ஒரே நேரத்தில் அடி விழுந்தது.

மாவட்டச் சராசரி கையில் இருக்கிறது. அது போதாதா?

மதுரையைப் பொறுத்தவரை போதாது. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று விதமான தண்ணீர்க் கணக்கு நடக்கிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியாறு பிரதானக் கால்வாயின் இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். இதில் ஒரு பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் விழுகிறது. கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம் 85,563 ஏக்கர், திருமங்கலம் பிரதானக் கால்வாய் 19,439 ஏக்கர். இருபோகத்துக்கு ஜூன் வாக்கிலும் ஒருபோகத்துக்குச் செப்டம்பர் வாக்கிலும் தண்ணீர் திறப்பது வழக்கம். அணையில் இருப்பு இல்லாத ஆண்டில் திறப்பு தள்ளிப்போகும். கால்வாயே எட்டாத பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் மானாவாரியும் கிணறும்தான்.

வைகை அணை மட்டம் (முழுக் கொள்ளளவு 71 அடி) உயர்ந்த ஆண்டில் வாடிப்பட்டி வீட்டு வருமானம் ஏறும். அதே ஆண்டில் உள்ளூர் மழை பொய்த்திருந்தால் பேரையூரில் இறங்கும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் "மாவட்டத்தில் மாற்றமில்லை" என்றுதான் கணக்கு வரும். இரண்டு பக்கமும் நடந்தது அதில் காணாமல் போகும்.

அதனால் படிவத்தில் மாவட்டம், வட்டம், ஊராட்சி என்று எழுதுவதோடு நிறுத்தாமல், இந்த வீட்டு நிலத்துக்குத் தண்ணீர் எந்த மடையிலிருந்து, மடையிலிருந்து எத்தனையாவது வயல், தலைமடையா கடைமடையா, கிணறு இருக்கிறதா, விளைச்சல் எந்தச் சந்தைக்குப் போகிறது என்று ஐந்து வரி சேருங்கள். இதற்கு வீட்டுக்கு மூன்று நிமிடம் ஆகும். கணினியில் எத்தனை நுட்பமான மாதிரி ஓட்டினாலும் இந்த மூன்று நிமிடத்துக்கு ஈடாகாது என்பது எங்கள் கருத்து.

அரசுக் கணக்கெடுப்புகளில் எதை எதற்கு எடுப்பது?

செலவுக்கு, தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு. கடைசி இரண்டு சுற்று: 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை ஒன்று, 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை இன்னொன்று. முதல் சுற்றில் தமிழ்நாட்டின் தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630. வேலைக்கு, 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. கடனுக்கும் சொத்துக்கும் 2019-ல் நடந்த 77-வது சுற்று. விவசாயக் குடும்ப வருமானத்துக்கும் அதே 77-வது சுற்றின் நிலைமை மதிப்பீட்டுக் கணக்கெடுப்பு. அதில் அகில இந்திய மாத வருமானம் 10,218 ரூபாய். கூலி 4,063, பயிர் 3,798. விவசாயக் குடும்பம் என்று பெயர் எடுத்த வீட்டிலேயே பயிரைவிடக் கூலி அதிகம் என்பதைப் படிவம் தயாரிக்கும்போதே மனதில் வையுங்கள். பயிரைப் பற்றி நாற்பது கேள்வி, கூலிக்கு ஒரே கேள்வி என்று இருக்கும் படிவம் முக்கால்வாசி வீடுகளில் தோற்றுப்போகும்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் வருமானமும் செலவும் கேட்பதில்லை. வீட்டுச் சாமான்களை வைத்துச் செல்வக் குறியீடு போடுகிறார்கள். ஃபேனும் டிவியும் ஒரு வறட்சியில் காணாமல் போவதில்லை. அதனால் குறுகிய கால அடியை அந்தக் குறியீடு காட்டாது. உடல்நலம், குழந்தை எடை ஆகியவற்றுக்கு அது நல்ல மூலம். 2019-21 சுற்றின் தமிழ்நாட்டுக் களப்பணி ஊரடங்கால் இரண்டாகப் பிளந்தது என்பதால் நேர்காணல் தேதியைப் பார்க்காமல் ஒப்பிட வேண்டாம்.

ஒரே குடும்பத்தைத் திரும்பச் சந்தித்த தரவு வேண்டுமென்றால் இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பு, 2004-05 மற்றும் 2011-12. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2024 வரை நகர வீடுகளுக்கு மட்டுமே மறுசந்திப்பு இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து கிராமத்துக்கும் உண்டு.

கோப்பில் மதுரை என்று வடிகட்டிச் சராசரி போட்டால் என்ன?

போடலாம், நம்ப முடியாது. பழைய சுற்றுகள் மாநில அளவுக்கும், அதற்குக் கீழே மண்டல அளவுக்கும் வடிவமைக்கப்பட்டவை. மதுரை விழுவது தென் மண்டலத்தில். கன்னியாகுமரியும் ராமநாதபுரமும் அதே மண்டலம்தான். நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் ஒரு கிராமத்துக்கு அல்லது நகரத் தொகுதிக்கு 18 வீடு. மாவட்டத்தில் சில பத்து இடங்களே விழும் என்பதால், ஒரு கிராமம் மாறி விழுந்தாலே சராசரி ஆடிவிடும்.

மூன்று வழி உண்டு. இரண்டு சுற்றுகளைச் சேர்த்துப் போடுவது முதல் வழி. சேர்க்கும்போது பெருக்கியை (விளக்கம் அடுத்த கேள்வியில்) சுற்றுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இரண்டாவது, தென் மண்டல அளவிலேயே நின்றுகொள்வது. மூன்றாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்வாரி விவரத்தோடு இணைத்துச் சிறுபரப்பு மதிப்பீடு (மாதிரி போதாத சிறிய பகுதிக்கு வேறு தரவின் உதவியோடு மதிப்பிடுவது) செய்வது. மூன்றாவதில் ஒரு சிக்கல்: கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு. அடுத்ததன் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இடைப்பட்ட காலத்தில் ஒத்தக்கடை, திருப்பரங்குன்றம் பக்கம் எவ்வளவு வயல் பிளாட் ஆனது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. 2025 முதல் தொழிலாளர் கணக்கெடுப்பில் மாவட்டமே அடிப்படை அடுக்காகிவிட்டது, அதாவது மாதிரியை மாவட்டவாரியாகப் பிரித்து எடுக்கிறார்கள். இனிமேல் நிலைமை கொஞ்சம் தேறும்.

பெருக்கி என்றால் என்ன? போடாமல் விட்டால் என்ன ஆகும்?

மாதிரியில் விழுந்த ஒரு வீடு எத்தனை வீட்டுக்குப் பிரதிநிதி என்ற எண் அது. போடாவிட்டால் வசதியான வீடுகள் தேவைக்கு மேல் கூடித் தெரியும். கணக்கெடுப்பில் வீடுகளை அடுக்கு பிரித்து எடுக்கிறார்கள், கார் உள்ள நகர வீடுகளுக்கும் நிலம் அதிகமுள்ள கிராம வீடுகளுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. பெருக்கி பொதுவாகத் தசமப் புள்ளி இல்லாமல் பதிவாகியிருக்கும், 100-ஆல் வகுக்க வேண்டும். பழைய சுற்றுகளில் துணை மாதிரி எண்ணிக்கை இரண்டும் (கோப்பில் NSS, NSC என்று இருக்கும்) ஒன்றாக இருந்தால் 100, இல்லாவிட்டால் 200. கோப்போடு வரும் லேஅவுட் தாளை முதலில் படியுங்கள்.

சரிபார்க்கச் சுலபமான வழி: பெருக்கியைக் கூட்டினால் தமிழ்நாட்டு வீடுகளின் எண்ணிக்கை சுமார் இரண்டு கோடிக்கு அருகில் வரவேண்டும். இருநூறு கோடி வந்தால் வகுக்க மறந்திருக்கிறீர்கள். தலைக்குச் செலவு போடும்போது பெருக்கியைக் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். எக்செல்லில் சாதாரணச் சராசரி போட்டு அனுப்பும் அட்டவணைகளில் பாதி இங்கேதான் விழுகிறது.

மழைத் தரவை எந்த ஊருக்கு எப்படி ஒட்டுவது?

இந்திய வானிலைத் துறையின் தினசரிக் கட்டத் தரவு 1901 முதல் இருக்கிறது. ஒரு கட்டம் 0.25 பாகை, நம் அட்சரேகையில் பக்கத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர், பரப்பு 760 சதுர கிலோமீட்டர் சொச்சம். மதுரை மாவட்டம் சுமார் 3,740 சதுர கிலோமீட்டர். ஆக முழு மாவட்டமும் பரப்பளவில் சுமார் ஐந்து கட்டத்துக்குச் சமம். முந்நூறு வீட்டுத் தரவு வைத்திருந்தாலும் மழை என்ற மாறி ஒரு சில மதிப்புகளைத்தான் எடுக்கும். "300 கவனிப்பு" என்று நினைத்துத் திட்டப் பிழை போட்டால் பொய்யான உறுதி வரும். 0.05 பாகை செயற்கைக்கோள் தரவு 1981 முதல் கிடைக்கிறது. கட்டம் சிறியது, ஆனால் ஒரு சாயங்கால இடிமழையை அது பல நேரம் தவறவிடும். வட்ட அலுவலக மழைமானிப் பதிவோடு மூன்று நான்கு மாதமாவது ஒத்துப் பாருங்கள்.

மொத்த மில்லிமீட்டரை அப்படியே கணக்கு மாதிரிக்குள் (சமன்பாட்டுக்குள்) போட வேண்டாம். மதுரையில் ஆண்டு மழை சுமார் 850 மி.மீ., அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாத மழையை எடுத்து, அதே கட்டத்தின் 30 ஆண்டுச் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துப் போடுங்கள். கால்வாய்ப் பாசன வீடுகளுக்கு உள்ளூர் மழை இரண்டாம் பட்சம். அவர்களுக்குத் தண்ணீர் திறந்த தேதியும் திறந்த நாட்களும்தான் மாறி. அரசாணைகளிலும் அன்றன்றைய நாளிதழ்களிலும் இந்தத் தேதிகள் இருக்கின்றன. உட்கார்ந்து இருபது ஆண்டுக்குத் தொகுத்தால் ஒரு வாரத்தில் முடியும்.

ஆண்டு என்பது எந்த ஆண்டு?

வருவாய்த் துறை அடங்கல் (ஊர்வாரிப் பயிர்ப் பதிவேடு) பசலி என்ற வருவாய் ஆண்டில் ஓடுகிறது, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஆங்கில ஆண்டில் 590 கழித்தால் பசலி. 2025 ஜூலையில் தொடங்கியது 1435. வங்கியும் நூறு நாள் வேலையும் ஏப்ரல் முதல் மார்ச். நுகர்வுச் செலவுச் சுற்றுகள் ஆகஸ்ட் முதல் ஜூலை. தொழிலாளர் கணக்கெடுப்பு 2024 வரை ஜூலை-ஜூன், இப்போது ஜனவரி-டிசம்பர். "2016-17" என்ற ஒரே தலைப்பில் இவற்றை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், 2017 தை அறுவடை இழப்பு ஒரு பத்தியில் பாதியாகவும் இன்னொன்றில் முழுதாகவும் விழும். எல்லாவற்றையும் மாதத்துக்கு இறக்கி, பிறகு பயிர்ப் பருவமாகக் கூட்டுவது ஒன்றே வழி.

பழைய மதுரை மாவட்டப் புள்ளிவிவரத்தை இன்றையதோடு ஒப்பிடலாமா?

நேரடியாகக் கூடாது. 1985-ல் திண்டுக்கல் பிரிந்தது, 1990-களின் பிற்பாதியில் தேனி பிரிந்தது. ஏலக்காயும் கம்பம் பள்ளத்தாக்கு நெல்லும் ஒரு நாள் இருந்தன, மறுநாள் இல்லை. வட்ட அளவில் இறங்கித் திரும்பக் கூட்டுங்கள். மாநகராட்சியும் 2011-ல் 72 வார்டிலிருந்து 100 ஆனது. பல கிராமங்கள் நகரக் கணக்குக்குப் போனதால் கிராமச் சராசரி தானாகவே மாறியிருக்கும்.

சொந்தமாகக் கணக்கெடுக்கப் போகிறோம். எத்தனை வீடு வேண்டும்?

எத்தனை வீடு என்பதைவிட எத்தனை ஊர் என்று கேளுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே கண்மாயை நம்பியிருப்பதால் பதில்கள் ஒன்றுபோல இருக்கும். எவ்வளவு ஒன்றுபோல என்பதற்கு உள்தொடர்பு என்ற எண் உண்டு. ஊருக்கு 15 வீடு வீதம் 20 ஊர், மொத்தம் 300 என்று வையுங்கள். உள்தொடர்பு 0.1 என்றால் வடிவமைப்பு விளைவு (மாதிரியின் வலு எத்தனை மடங்கு குறைகிறது என்ற எண்) 1 + 14 × 0.1 = 2.4, 300 வீடு 125 வீட்டுக்குச் சமம். மழை சார்ந்த இழப்பில் உள்தொடர்பு 0.3 கூட வரலாம், அப்போது 5.2, அதாவது வெறும் 58 வீடு. அதே 300-ஐ ஊருக்கு 10 வீதம் 30 ஊராக்கினால் 3.7, அதாவது 81 வீடு. பெட்ரோல் செலவு கூடும், ஆனால் வீடு கூட்டாமலே மாதிரிக்கு வலு கூடுகிறது.

ஊர்களை எடுக்கும்போது தலைமடை, கடைமடை, மானாவாரி என்று மூன்று அடுக்காகப் பிரித்து எடுங்கள். பஸ் நிற்கிற ஊராகப் பார்த்து எடுத்தால், சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும், இடர் குறைந்த ஊர்களே வந்து சேரும்.

பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுக்கலாமா?

எடுத்தால் கெட்டது. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் குடும்பத்தோடு வெளிமாநிலத்துக்கு முறுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் அதிகம். மழை பொய்த்த ஆண்டில் பூட்டு கூடும். அந்த வீடுகளை விட்டுவிட்டு இருக்கிறவர்களை மட்டும் கேட்டால், வறட்சி யாரையும் பாதிக்கவில்லை என்றுதான் தெரியும். அக்கம்பக்கத்தில் கேட்டு, எப்போது போனார்கள், எத்தனை பேர், வழக்கமாக எப்போது திரும்புவார்கள் என்று மூன்று விவரம் குறித்துப் பூட்டிய வீட்டையும் ஒரு பதிவாகச் சேருங்கள். தைப்பொங்கலுக்கும் பங்குனி, சித்திரைத் திருவிழாவுக்கும் வருவார்கள். மறுசந்திப்பை அதற்கு வையுங்கள். குலசாமி கும்பிட வந்தவர்களிடம் கேள்வி கேட்கச் சாமி கும்பிட்ட மறுநாள் காலைதான் நல்ல நேரம்.

கடன் பற்றிக் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லையே?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. "உங்களுக்குக் கடன் இருக்கிறதா?" என்றால் "அதெல்லாம் இல்லைங்க" என்பதே பதில். "நகையெல்லாம் வீட்டில் இருக்கா, பேங்கில் இருக்கா?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும். அடகு வைத்ததைப் பலரும் கடனாக நினைப்பதில்லை. பிறகு ஒவ்வொன்றாக: கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு, வாரத் தவணைக் கம்பெனி, தண்டல், ஏலச்சீட்டில் தள்ளி எடுத்தது, கடை பாக்கி, கைமாற்று. கடைசியாகச் செய்முறை நோட்டு. கல்யாணம், காதுகுத்தில் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வது இந்தப் பக்கம் தட்ட முடியாத கடன். ஆவணியிலும் வைகாசியிலும் செலவு திடீரென்று ஏறுவதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

வட்டியைப் பதிவதில் இரண்டு பிழை சகஜம். "3 வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 3, ஆண்டுக்கு 36%. ஆண்டு வட்டிக் கட்டத்தில் 3 என்று ஏற்றிவிட்டால் கந்து வட்டிக்காரர் வங்கியைவிட மலிவாகத் தெரிவார். இரண்டாவது தண்டல். 10,000 என்று பேசி 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். "பத்துப் பெர்சென்ட்" என்று சொல்வார்கள். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் நாளொன்றுக்குச் சுமார் 0.21%, ஆண்டுக்கு 78% வரும். ஆகவே கையில் வாங்கியது எவ்வளவு, தவணை எவ்வளவு, எத்தனை தவணை என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். வட்டி விகிதத்தை நீங்களே கணக்கிடுங்கள்.

2021-ஐத் தாண்டி ஒப்பிடுகிறவர்கள் கவனிக்க: அந்த ஆண்டில் கூட்டுறவுப் பயிர்க் கடனும், தகுதியுள்ளவர்களுக்கு ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக் கடனும் தள்ளுபடி ஆயின. கடன் குறைந்தது வருமானம் கூடியதால் அல்ல.

மூட்டை, மரக்கால் என்று சொல்கிறார்கள். எப்படி மாற்றுவது?

பொது அட்டவணை வைத்து மாற்றாதீர்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையச் சிப்பம் 40 கிலோ. வியாபாரி மூட்டை 60 கிலோவுக்கு மேல், ஊருக்கு ஊர் வேறு. யாருக்கு விற்றார்கள் என்று கேட்டு, அந்த மூட்டையின் எடையைத் தனிக் கட்டத்தில் பதியுங்கள். நிலத்துக்கு ஏக்கர், சென்ட் போதும், குழி என்று சொன்னால் "ஏக்கருக்கு எத்தனை குழி?" என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

வருமானம் குறைந்தபோது குடும்பம் சமாளித்ததா என்று எப்படிச் சோதிப்பது?

இரண்டு சுற்றுக்கு இடையே ஒவ்வொரு வீட்டின் செலவு எவ்வளவு மாறியது, வருமானம் எவ்வளவு மாறியது என்று மடக்கையில் (லாகரிதத்தில்) எடுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுட்டு மாறி (0 அல்லது 1 மட்டும் எடுக்கும் எண்) சேர்த்து, செலவு மாற்றத்தை வருமான மாற்றத்தின் மேல் பின்னடைவுக் கணக்காக (ரிக்ரெஷன்) ஓட்டுங்கள். கெழு (வருமானம் மாறும்போது செலவு எந்த விகிதத்தில் மாறுகிறது என்ற எண்) பூஜ்யம் என்றால் தனி இடரை ஊர் முழுதாகத் தாங்கிக்கொள்கிறது. 1 என்றால் தாங்க யாருமில்லை. 0.15 வந்தால், வருமானம் 20% விழுந்த வீட்டில் செலவு 3% விழுகிறது என்று அர்த்தம். 1994-ல் பொருளாதார அறிஞர் ராபர்ட் டவுன்சென்ட், இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் கிராமத் தரவில், அவுரேபள்ளி, ஷிராபூர், கன்சாரா கிராமங்களுக்கு இந்தச் சோதனையைச் செய்துகாட்டினார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வருமானத்தைத் தப்பும் தவறுமாக அளந்தால் கெழு பூஜ்யத்தை நோக்கி இறங்கும். அதாவது எவ்வளவு மோசமாகக் கணக்கெடுக்கிறீர்களோ, அவ்வளவு பாதுகாப்பாக ஊர் தெரியும்! மழையைக் கருவி மாறியாக (வருமானத்தை அசைக்கும், ஆனால் அந்த அளவுப் பிழையோடு சம்பந்தமில்லாத வெளிக் காரணியாக) வைத்துத் திருத்தலாம் என்று தோன்றும். ஊர்-சுற்று மாறி இருக்கும்போது ஊர் முழுக்க ஒரே மழை என்பதால் அது முழுதும் விழுங்கப்பட்டுவிடும். நோயால் வேலைக்குப் போகாத நாட்கள், செத்த ஆடு மாடு, கிணற்று மோட்டார் எரிந்தது ஆகிய வீட்டளவு நிகழ்வுகளே இங்கே உதவும். அவற்றைத் தேதியோடு கேட்டு வைத்திருக்க வேண்டும். தரவு வந்தபின் நினைத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

செலவு குறையவில்லை என்பதாலேயே சமாளித்துவிட்டார்கள் என்றும் எழுதாதீர்கள். ஆட்டை விற்றார்களா, பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தினார்களா, தாலிச் சங்கிலி எங்கே என்று பாருங்கள்.

செலவு குறைந்தால் கஷ்டம் என்று கொள்ளலாமா?

எப்போதும் இல்லை. 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. போக்குவரத்துச் செலவு இறங்கியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் வருவதால் சந்தை மதிப்பை ஏற்றிச் சேர்க்காவிட்டால் சாப்பாட்டுச் செலவு குறைவாகத் தெரியும். 2022-23 சுற்றிலிருந்து இலவசப் பொருள் மதிப்பு சேர்த்தது, சேர்க்காதது என இரண்டு கணக்கு வெளியிடுகிறார்கள். எதை எடுத்தீர்கள் என்று அட்டவணைக்குக் கீழே எழுதுங்கள். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் தொடங்கியது 2023 செப்டம்பர் 15. அதாவது முன்சொன்ன இரண்டு சுற்றில் முதலாவதில் அது இல்லை, இரண்டாவதில் இருக்கிறது.

மல்லிகை விலை தினமும் கிடைக்கிறது. அதை வைத்துப் பூ விவசாயியின் இடரை அளக்கலாமா?

விலை மட்டும் போதாது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ சில நூறு ரூபாய்க்கும் 2,000-க்கு மேலும் ஆடும். ஆனால் விலை ஏறுவது மார்கழிப் பனியில் செடி பூக்காதபோது. பத்துக் கிலோ பறித்த இடத்தில் ஒரு கிலோ வரும். விலையும் வரத்தும் எதிரெதிராக ஓடுவதால் வருமானத்தின் ஆட்டம் விலையின் ஆட்டத்தைவிடக் குறைவு. விலையை வைத்து மட்டும் பார்த்தால் மார்கழியில் எல்லாரும் செழிப்பாகத் தெரிவார்கள். பறித்த எடையையும் பறிகூலியையும் சேர்த்துப் பதியுங்கள். கமிஷன் கழித்தபின் கைக்கு வந்ததைச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.

பயிர்க் காப்பீட்டு இழப்பீடு வாங்கிய ஊர்ப் பட்டியல் இழப்பின் அளவைக் காட்டுமா?

ஓரளவுக்கு. நெல்லில் அறுவடைப் பரிசோதனை 5 மீட்டருக்கு 5 மீட்டர் கண்டத்தில் நடக்கும். அதில் 7.5 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 3,000 கிலோ, 400-ஆல் பெருக்கினால் போதும். உத்தரவாத மகசூல் (இதற்குக் கீழே போனால் இழப்பீடு உண்டு என்ற அளவு) 4,000 என்று வைத்தால் குறைவு நான்கில் ஒரு பங்கு. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் இழப்பீடு 9,000. இந்தக் குறைவு ஊரின் சராசரி. கடைமடைக்காரர் வயல் முழுதும் கருகியிருந்தாலும், தலைமடை விளைந்திருந்தால் இருவருக்குமே ஒன்றும் வராது. இழப்பீடு வாங்காத ஊரில் இழப்பே இல்லை என்று எடுத்துக்கொண்டால் இந்த வீடுகள் எல்லாம் விட்டுப்போகும். குத்தகைக்காரர் நிலத்துக்கு யார் பேரில் தொகை வந்தது என்பதையும் கேளுங்கள்.

விலைவாசியைக் கழிக்க எந்தக் குறியீடு?

நகர வீடுகளுக்குத் தொழிலாளர் பணியகத்தின் தொழிற்சாலைத் தொழிலாளர் குறியீட்டில் மதுரைக்குத் தனி மையம் உண்டு, அடிப்படை 2016 = 100. கிராமத்துக்கு வேளாண் தொழிலாளர் குறியீடு, மாநில அளவில் மட்டும்.

பெயரை நீக்கிவிட்டால் தரவைப் பகிரலாமா?

பெயர் மட்டும் போதாது. "மேலூர் வட்டம், இன்ன ஊர், 18 சென்ட் மல்லிகை, கணவர் இல்லை, இரண்டு மகள், தண்டல் கடன் 40,000" என்ற வரியைப் படித்தால் அந்த ஊரில் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார். கடன் கொடுத்தவரே கூடப் படிக்கலாம். ஊர்ப் பெயருக்குப் பதில் அடுக்கின் பெயர் போடுங்கள், நிலத்தை வகுப்பாக மாற்றுங்கள், தொகைகளை ஐந்நூறுக்கு முழுதாக்குங்கள், பத்து வீட்டுக்குக் குறைவான கட்டங்களை அட்டவணையில் காலியாக விடுங்கள். ஆதார் எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் எழுதி வாங்க வேண்டாம். பெயரும் எண்ணும் சேர்ந்த சாவிக் கோப்பைத் தனிக் கணினியில் பூட்டி வைத்து, கடைசி மறுசந்திப்பு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.